கொடி போட்ட முக்கோணம்: வெல்டிங் ஜாயிண்ட், பொசிஷன், குறியீடு படிக்க முழு வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (மலைக் கிராமம்) 5,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்ட் அடிக்கும் வேலை வந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் இன்ஜினியர் வரைபடத்தை போனுக்கு அனுப்பியிருந்தார். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தக் கோட்டு முனையில குட்டியா ஒரு கொடி நிக்குதே, அது எதுக்கு?" என்று கேட்டான். ஐ.டி.ஐ. முடித்தவன்தான். முக்கோணம் தெரிகிறது, வட்டம் தெரிகிறது, கொடி மட்டும் நினைவில் இல்லை.

மலையில் வேலை செய்கிறவனுக்கு அந்தக் கொடியைப் போலக் காசு தின்னும் குறி வேறு இல்லை. அதை விளக்கப் போய் ஜாயிண்ட், வெல்ட் வகை, பொசிஷன் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லும்படி ஆயிற்று. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: எங்கே நின்று அடிக்கப் போகிறோம்?

பாடப்புத்தகம் ஐந்து வகை ஜாயிண்டில் தொடங்கும். நான் அதற்கு ஒரு படி முன்னால் தொடங்குவேன். கீழே மேட்டுப்பாளையத்தில் என்றால் கிரேன் வரும். முழு ஸ்டாண்டையும் பட்டறையிலேயே அடித்துக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். இங்கே பிக்கப் வண்டி ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் தோளில்தான் போக வேண்டும். ஆகவே எதைப் பட்டறையில் அடிப்பது, எதைச் சரிவில் நின்று அடிப்பது என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும்.

பட்டறையில் வேலையை நமக்கு ஏற்றபடி புரட்டிக்கொள்ளலாம். சரிவில் கம்பம் ஊன்றிய பிறகு நாம்தான் கம்பத்தைச் சுற்ற வேண்டும். இந்த வித்தியாசத்தை இந்தியத் தரவிதி ஐஎஸ் 800 எண்ணிலேயே ஒப்புக்கொள்கிறது. அதன் 2007 பதிப்பின்படி, வெல்டின் பலத்தைக் கணக்கிடும்போது பட்டறை வெல்டுக்கு 1.25 ஆலும் களத்தில் அடிக்கும் வெல்டுக்கு 1.5 ஆலும் வகுக்க வேண்டும். சாதாரண மைல்ட் ஸ்டீலில் 6 மி.மீ. ஃபில்லெட் (மூலையில் முக்கோணமாக நிரப்பும் வெல்ட்), 100 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் அடித்தால் கணக்கில் ஏறக்குறைய 8 டன் தாங்கும். அதே ராடு (உருக்கி ஊற்றும் வெல்டிங் கம்பி), அதே கை, களத்தில் அடித்தால் 6.75 டன்னுக்குள்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. கொடி என்றால் களத்தில் அடி என்று அர்த்தம். இன்ஜினியர் கொடி போட்ட இடத்தில் நீளத்தைக் கூட்டித் தந்திருந்தால் அதை வீண் என்று குறைத்துவிடாதீர்கள்.

படி 2: ஐந்து ஜாயிண்டுகள்

ஜாயிண்ட் என்பது இரண்டு இரும்பு எப்படிச் சந்திக்கின்றன என்பது. வெல்ட் என்பது அந்தச் சந்திப்பில் நாம் ஊற்றும் உலோகம். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். "பட் வெல்ட்" என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோம். உண்மையில் பட் என்பது ஜாயிண்டின் பெயர், அதில் போடுவது க்ரூவ் வெல்ட்.

பட் ஜாயிண்டில் இரண்டு தகடும் ஒரே மட்டத்தில் விளிம்போடு விளிம்பு நிற்கும். குந்தா, பைக்காரா மின்நிலையங்களுக்கு மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி அழுத்தம் தாங்கும் குழாயில் இணைப்பு அடிவரை முழுதாக உருகிச் சேர வேண்டும். மேலோட்டமாகப் பூசினால் தண்ணீர் மன்னிக்காது.

லேப் ஜாயிண்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும். இது ரிவெட் காலத்துச் சொத்து. குன்னூருக்கு ரயில் ஏறிய 1899-இல் இரும்பு வேலை என்றாலே ரிவெட்தான். ஓட்டை போட்டு அடிக்கத் தகடு மேலே தகடு ஏற வேண்டியிருந்தது. இன்றும் லேப்தான் நமக்கு மிக எளிது. அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நகர்த்திக்கொள்ளலாம், விளிம்பைச் சாய்த்து வெட்டத் தேவையில்லை. ஏற்றம் எவ்வளவு வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது: மெல்லிய தகட்டின் தடிப்பைப் போல நாலு மடங்கு அல்லது 40 மி.மீ., இரண்டில் எது அதிகமோ அது. நம் ஊருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கூடலூர்ப் பக்கம் ஆடி மழை, குன்னூர் கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை, மீதி நாளில் மஞ்சு. இரண்டு தகட்டுக்கு நடுவே ஈரம் புகுந்தால் உள்ளேயே துருப்பிடித்து லேப்பைப் பிளக்கும். வெளியில் நிற்கும் வேலையில் லேப்பைச் சுற்றிலும் அடைத்துவிட முடியுமா என்று இன்ஜினியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டி ஜாயிண்டில் ஒன்றின் மேல் இன்னொன்று செங்குத்தாக நிற்கும். கம்பம், அதன் அடியில் வரும் பேஸ் பிளேட், பிராக்கெட் எல்லாம் இந்த ஜாதி. ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அடித்த பக்கமே இழுத்துச் சாயும். எதிர்ப்பக்கம் டேக் (பிடிப்புக்குச் சின்னப் பொட்டு வெல்ட்) வைத்துவிட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும்.

கார்னர் ஜாயிண்ட் பெட்டி, புகைபோக்கி, தொட்டிக்கு. உள் முனைகள் மட்டும் தொடும்படி வைத்தால் வெளியே தானாகவே ஒரு வி பள்ளம் கிடைக்கும். எட்ஜ் ஜாயிண்டில் இரண்டு தகடும் முகத்தோடு முகம் ஒட்டி நிற்க, விளிம்பில் அடிப்போம்; மெல்லிய தகடுகளுக்கு மட்டும். பாரம் தாங்கும் இடத்தில் வேண்டாம்.

படி 3: ஃபில்லெட்டா, க்ரூவா?

நம் மாதிரிப் பட்டறை வேலையில் பத்தில் எட்டு ஃபில்லெட்தான் என்பது என் அனுபவம். மூலையில் முக்கோணமாக உலோகம் நிரப்புகிறோம். அதற்கு இரண்டு அளவு உண்டு. தகட்டோடு ஒட்டி ஓடும் பக்கத்தின் நீளம் கால் அளவு. மூலையிலிருந்து முகப்புக்கு உள்ள மிகக் குறைந்த தூரம் தொண்டை. பாரம் தாங்குவது தொண்டை. செங்கோண மூலையில் அது காலில் 0.7 பங்கு. 6 மி.மீ. கால் என்றால் 4.2 மி.மீ. தொண்டை.

"கொஞ்சம் பெருசாவே போட்டுடலாம், என்ன குறைஞ்சுடும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 6 மி.மீ. ஃபில்லெட்டின் வெட்டுப் பரப்பு 18 சதுர மி.மீ. 8 மி.மீ. என்றால் 32. பலம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ராடு செலவோ முக்கால் பங்குக்கும் மேல் கூடுகிறது. சூடும் கூடும், கோணலும் கூடும். இன்னும் பலம் வேண்டும் என்றால் நீளத்தைக் கூட்டுவதே லாபம்.

மிகச் சிறிதாகவும் போடக்கூடாது. தடித்த தகடு சூட்டை உடனே உறிஞ்சிக்கொள்ளும். சின்ன ரன் (ஒரு தடவை ஓட்டிய வெல்ட்) சட்டென்று குளிர்ந்து வெடிக்கும். இரண்டில் தடித்தது 10 மி.மீ. வரை இருந்தால் குறைந்தது 3 மி.மீ., 10-க்கு மேல் 20 வரை 5 மி.மீ., 20-க்கு மேல் 32 வரை 6 மி.மீ. என்கிறது ஐஎஸ் 800. மேல் வரம்பும் உண்டு. தகட்டின் சதுர விளிம்பில் அடிக்கும்போது தடிப்பைவிட 1.5 மி.மீ. குறைவாக நிறுத்த வேண்டும். ஆங்கிளின் (எல் வடிவ இரும்பு) உருண்ட விளிம்பில் தடிப்பில் முக்கால் பங்கு. விளிம்பு முழுதும் உருகிவிட்டால் கால் எங்கே முடிந்தது என்று அளக்கவே முடியாது.

க்ரூவுக்கு வருவோம். 3 மி.மீ. தகடு வரை சும்மா இடைவெளி விட்டு ஒரு பக்கம் அடித்தால் போதும். இரண்டு பக்கமும் ராடு எட்டினால் 6 வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் விளிம்பைச் சாய்த்து வி ஆக்க வேண்டும். இரண்டு சாய்வும் சேர்ந்து 60 டிகிரி, அடியில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி, முனையில் 1.5 மி.மீ. அளவுக்கு மழுங்கல். மழுங்கல் இல்லாமல் கத்தி போல விட்டால் முதல் ரன்னிலேயே ஓட்டை விழும்.

20 மி.மீ. தகட்டில் ஒரே பக்கம் 60 டிகிரி வி வெட்டினால் நிரப்ப வேண்டிய பரப்பு ஏறக்குறைய 230 சதுர மி.மீ. இரண்டு பக்கமும் பாதிப் பாதி வெட்டினால் 115-தான். பாதி ராடு மிச்சம், தகடும் நேராக நிற்கும். ஆனால் புரட்ட முடிகிற இடத்தில்தான் இந்தக் கணக்கு. சுவரை ஒட்டி நிற்கும் கம்பத்தில் மறுபக்கத்துக்கு யார் போவது? இதனால்தான் முதல் படியை முதலில் வைத்தேன்.

மீதி வகைகள்: ஒரு தகட்டை மட்டும் சாய்த்தால் பெவல். மிகத் தடித்த தகட்டில் யு, ஜே எழுத்து போல வளைந்த பள்ளம். மேல் தகட்டில் ஓட்டை போட்டு அதன் வழியாகக் கீழ்த் தகட்டோடு சேர்த்து நிரப்பினால் பிளக் வெல்ட்.

படி 4: பொசிஷன்

உருகிய இரும்பு தண்ணீரைப் போல. கீழே ஓடத்தான் பார்க்கும். பொசிஷன் எண்கள் அதைச் சமாளிக்கும் சிரமத்தின் வரிசை. 1 படுக்கை (குனிந்து மேலிருந்து அடிப்பது), 2 கிடைமட்டம் (நிற்கும் தகட்டில் பக்கவாட்டாக ஓட்டுவது), 3 செங்குத்து, 4 தலைக்கு மேல். எண்ணோடு ஜி வந்தால் க்ரூவ், எஃப் வந்தால் ஃபில்லெட். பேஸ் பிளேட்டைத் தரையில் கிடத்தி அதன்மேல் நிற்கும் கம்பத்தைச் சுற்றி அடிப்பது 2எஃப். ஷெட் கூரைத் தகட்டைத் தாங்கும் பர்லின் சட்டத்தின் அடிப்பக்கம் அண்ணாந்து அடிப்பது 4எஃப்.

குழாயில் 1ஜி என்றால் குழாயை உருட்டிக்கொண்டே மேல்புறம் அடிக்கலாம். 2ஜி-யில் குழாய் நெட்டுக்குத்தாக நிற்கும். 5ஜி-யில் படுத்திருக்கும், ஆனால் உருட்ட முடியாது. 6ஜி-யில் 45 டிகிரி சாய்ந்து அசையாமல் நிற்கும். ஒரே சுற்றில் எல்லாப் பொசிஷனும் வந்துபோகும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் 6ஜி டெஸ்ட் என்று தலையில் அடித்துக்கொள்வது இதற்குத்தான். நம் ஊரில் சரிவில் இறங்கும் தண்ணீர்க் குழாயில் ஒரு இணைப்பைப் போய்ப் பாருங்கள். சாய்ந்து கிடக்கும், உருட்டவும் முடியாது. இங்கே பிளம்பிங் வேலை பார்க்கும் வெல்டர்கள் சர்டிஃபிகேட் இல்லாமலே அரைவாசி 6ஜி-யில்தான் கிடக்கிறார்கள்.

ஐரோப்பிய வரைபடத்தில் இதற்கெல்லாம் எழுத்து: படுக்கை பிஏ, செங்குத்தில் கீழிருந்து மேலே பிஎஃப், மேலிருந்து கீழே பிஜி. மேலிருந்து இழுத்தால் வேகமாக முடியும், பார்க்கவும் அழகு. ஆனால் கசடு முன்னால் ஓடிவந்து அடியில் சிக்கும், உருகல் ஆழம் போகாது. பாரம் தாங்கும் வேலையில் கீழிருந்து மேலேதான். ஆம்பியரைப் படுக்கையில் வைப்பதைவிடப் பத்து, பதினைந்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ராடு எண்ணிலும் பொசிஷன் ஒளிந்திருக்கிறது. இ6013, இ7018 இரண்டிலும் மூன்றாவது இலக்கம் 1. எல்லாப் பொசிஷனுக்கும் ஆகும். இ7024-இல் அது 2. படுக்கைக்கும் கிடைமட்ட ஃபில்லெட்டுக்கும் மட்டும். அதை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறினால் உருகின இரும்பு சட்டைக்குள்தான் இறங்கும்.

படி 5: குறியீடு

வரைபடத்தில் முதலில் படுக்கைக் கோடு ஒன்றைத் தேடுங்கள். அதன் ஒரு முனையிலிருந்து அம்பு கிளம்பி ஜாயிண்டைத் தொடும். மறுமுனையில் சில நேரம் மீன்வால் போலப் பிரிந்திருக்கும்; அதில் எந்த முறையில் அடிப்பது போன்ற குறிப்பு இருக்கும். குறிப்பு இல்லையென்றால் வாலும் இருக்காது.

அமெரிக்க முறையிலும், நம் பக்கம் வரும் பெரும்பாலான வரைபடத்திலும், கோட்டுக்குக் கீழே குறி இருந்தால் அம்பு தொடும் பக்கத்தில் அடி. கோட்டுக்கு மேலே இருந்தால் மறுபக்கம். இரண்டிலும் இருந்தால் இரண்டு பக்கமும். அம்பு மேல்நோக்கிப் போகிறதா, கீழ்நோக்கி இறங்குகிறதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பையன்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

ஐரோப்பிய முறையில் கோட்டோடு ஒரு விட்டுவிட்டுப் போகும் கோடும் ஓடும். குறி முழுக்கோட்டில் உட்கார்ந்தால் அம்புப் பக்கம், விட்டுவிட்டு ஓடும் கோட்டில் உட்கார்ந்தால் மறுபக்கம். அந்த இரண்டாவது கோட்டைப் பார்த்தவுடனே உஷாராகிவிடுங்கள். அளவும் வேறு மாதிரி வரும்.

ஃபில்லெட்டின் குறி செங்கோண முக்கோணம். நெட்டுக்குத்தாக நிற்கும் பக்கம் எப்போதும் இடது கைப்பக்கம். அதற்கு இடப்புறம் அளவு, வலப்புறம் நீளம். வலப்புறம் 50-150 என்று இருந்தால் 50 மி.மீ. நீளத் துண்டுகள், ஒரு துண்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 150. அதாவது நடுவே 100 மி.மீ. காலி. ஐரோப்பிய முறையில் அடைப்புக்குறிக்குள் 150 என்று வந்தால் அது காலி இடமே 150. ஒரே எண், வேறு வேலை.

அளவிலும் இதே கதைதான், அதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஒரு தேயிலை ஃபேக்டரியில் டிரையரைத் தாங்கும் ஃபிரேமுக்கு வெளிநாட்டு வரைபடம் தந்தார்கள். ஏ5 என்று போட்டிருந்தது. 5 மி.மீ. கால் என்று எடுத்து நாலு ஃபிரேம் அடித்து முடித்தேன். பார்க்க வந்தவர் கேஜை (வெல்ட் அளவு பார்க்கும் கருவி) வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முறையில் ஏ என்றால் தொண்டை, இசட் என்றால் கால். ஏ5-க்குக் கால் 7 மி.மீ. வர வேண்டும். என் வெல்டில் தொண்டை 3.5. பத்தில் மூன்று பங்கு பலம் இல்லை. ராத்திரி முழுக்கக் கசடு தட்டி, பிரஷ் போட்டு, மேலே இன்னொரு ரன் ஏற்றினேன். அன்று முதல் அளவுக்கு முன்னால் எழுத்து இருக்கிறதா என்று பார்க்காமல் ராடு மாட்டும் ஹோல்டரைத் தொடுவதில்லை.

க்ரூவ் குறி அதன் வடிவத்தையே காட்டும்: வி-க்கு வி, பெவலுக்கு ஒரு நெட்டுக்கோடும் ஒரு சாய்வும், சதுர விளிம்புக்கு இரண்டு நெட்டுக்கோடு. குறிக்குள் இருக்கும் எண் அடி இடைவெளி, டிகிரி போட்ட எண் சாய்வு. பெவலில் அம்பு நேராக வராமல் ஒரு வெட்டு வெட்டி வளைந்து வந்தால், அது தொடும் தகட்டைத்தான் சாய்க்க வேண்டும். கவனிக்காமல் அடுத்த தகட்டைச் சாய்த்துவிட்டால் கிரைண்டர் சக்கரமும் போச்சு, தகடும் போச்சு.

குறியின் தலையில் நேர்க்கோடு இருந்தால் முகப்பு தட்டையாக வேண்டும்; கூடவே ஆங்கில ஜி எழுத்து இருந்தால் கிரைண்டரால் இழைக்க வேண்டும். கைப்பிடிக் கம்பியில் இது வரும்.

கடைசியாக, அம்பும் கோடும் சேரும் முழங்கையைப் பாருங்கள். அங்கே வட்டம் இருந்தால் சுற்றிலும் அடி. கொடி நின்றால் களத்தில் அடி. கொடி இல்லையென்றால் பட்டறையிலேயே.

படி 6: தொட்டி ஸ்டாண்ட் வரைபடத்தைப் படிப்போம்

கம்பம் 6 மி.மீ. தடிப்புள்ள சதுரக் குழாய், பேஸ் பிளேட் 16 மி.மீ. குறி: கோட்டுக்குக் கீழே முக்கோணம், இடப்புறம் 6, முழங்கையில் வட்டம். அதாவது டி ஜாயிண்ட், அம்புப் பக்கம், 6 மி.மீ. கால், சுற்றிலும், பட்டறையில். கோட்டுக்கு மேலே ஏன் ஒன்றும் இல்லை? மறுபக்கம் என்பது குழாயின் உட்புறம். அங்கே ராடு போகாது. தடித்த தகடு 16 என்பதால் குறைந்தது 5 வேண்டும். 6 போட்டிருக்கிறார், சரி. குழாயைத் தகட்டின்மேல் நிற்க வைத்தால் 2எஃப். குழாயைப் படுக்கவைத்துத் திருப்பித் திருப்பி அடித்தால் ஒவ்வொரு முகமும் இன்னும் வசதியாகக் கிடைக்கும்.

குறுக்குச் சட்டம் 50×50×6 ஆங்கிள், கம்பத்தில் ஒட்டிய 8 மி.மீ. குஸ்ஸெட் (இணைப்புத்) தகட்டின்மேல் லேப். குறியில் 4 என்ற முக்கோணம், முழங்கையில் கொடி. ஆங்கிளின் விளிம்பில் உச்சவரம்பு 4.5, தடித்தது 8 என்பதால் குறைந்தது 3. நாலு என்பது நடுவில் நிற்கிறது. ஏற்றம்: நாலு மடங்கு 24-தான், அதனால் 40 மி.மீ. வரம்பு பொருந்தும். ஆங்கிள் சாய்ந்து போவதால் வெல்டும் சாய்வாகச் செங்குத்தில் ஏறும். 2.5 மி.மீ. ராடு, 75 ஆம்பியருக்குப் பக்கத்தில், கீழிருந்து மேலே. முனையில் சட்டென்று நிறுத்தாமல் மூலையைத் திரும்பி, கால் அளவைப் போல இரண்டு மடங்காவது ஓட்டி முடிக்க வேண்டும். நிறுத்தும் இடத்துப் பள்ளத்தில்தான் வெடிப்பு தொடங்கும்.

படி 7: மஞ்சில் அடிக்கும் நாள்

ராடு ஈரம் குடிக்கும். இ6013 கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்; நமுத்துப்போனால் சுமார் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் போதும். இ7018 பொறுக்காது. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, அடித்து முடித்த பிறகும் வெடிக்க வைக்கும். அதை 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டு, சூடான பெட்டியில் கொண்டுபோக வேண்டும். பல்பு எரியும் மரப்பெட்டி சுட்ட ராடை மறுபடி நமுக்காமல் ஓரளவுதான் காக்கும். நமுத்த ராடை அதில் வைத்துச் சரிசெய்ய முடியாது.

அடிக்கும் இடத்தைத் தீயால் லேசாகத் தடவி, பனிநீர் மறையும்வரை காயவைக்கவும். சும்மா இருக்கும் மெஷினிலேயே ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கும். ஈரக் கையுறையும் ஈர மண்ணும் சேர்ந்தால் அது போதும். காய்ந்த பலகைமேல் நில்லுங்கள். தை முதல் பங்குனி வரை ஆபத்து வேறு: காய்ந்த புல். ஒரு பொறி போதும். சுற்றிலும் செதுக்கிவிட்டு இரண்டு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

முடித்ததும் கசடைத் தட்டி, கேஜில் காலை அளந்து, மேல் தகட்டோரம் அண்டர்கட் (வெல்ட் ஓரத்தில் தகடு உருகி விழும் பள்ளம்) விழுந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்து, அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மஞ்சு ஏறிவிடும், அதற்கு முன்.

பையன் எல்லாம் கேட்டுவிட்டு, களத்தில் அடிக்க வேண்டிய ஜாயிண்டுகளில் சாக்பீஸால் ஒவ்வொரு கொடி வரைந்து வைத்தான். நல்ல யோசனை. மறுநாள் காலை அவன் வருவதற்குள் நான் வேலையைத் தொடங்கி, பழக்க தோஷத்தில் இரண்டு கம்பத்தையும் ஒரு குறுக்குச் சட்டத்தையும் சேர்த்தே அடித்துவிட்டேன். ஒற்றையடிப் பாதையின் முதல் திருப்பத்தில் அது திரும்பவில்லை. தேயிலைக்கு நடுவே இறக்கிவைத்து, ஜெனரேட்டரை மேலே இழுத்து வந்து கிரைண்டரில் வெட்டினோம். வெட்டின இடத்துக்குப் பக்கத்தில் அவன் வரைந்த கொடி பாதி அழியாமல் இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, கொடியை மட்டும் துடைத்துவிட்டுப் புதிதாக வரைந்தான்.